எது மாப்ள?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று நான் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். முப்பதை இப்போதுதான் தாண்டியவளுக்கு என்ன ஓய்வு என்கிறார்கள். தோல் டாக்டர் என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே உப்புத் தண்ணியத் தொடவே கூடாதும்மா" என்று சொன்ன அன்று என் வேலை முடிந்தது. கடல் மீன் தொட்டிகளைப் பராமரிக்கிறவளிடம் அதைச் சொல்வது, டிரைவரிடம் ஸ்டீயரிங்கைத் தொடாதே என்று சொல்வது போலத்தான். கையுறை போட்டும் பார்த்தேன். எப்படியோ ஒரு துளி உள்ளே போய்விடும்; இரவெல்லாம் விரல் இடுக்கு எரியும். அழுதுவிட்டுத்தான் வந்தேன். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இப்போது என் இடத்தில் ஷர்மி இருக்கிறாள். கெட்டிக்காரி. போன வாரம் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அக்கா, இன்னைக்கும் ஒருத்தர் வந்து கிளவுன் மீன் ஜோடி கேட்டாரு. எது ஆம்பள, எது பொம்பளன்னாரு. சொன்னேன், நம்பல. என்னயவே ஒரு மாதிரி பாக்குறாருக்கா. நீங்க அந்தக் கோச்சடை டீச்சர் வீட்டு விசயத்த எழுதிக் குடுங்களேன். லேமினேட் பண்ணிக் கல்லாவுக்குப் பக்கத்துல மாட்டிர்றேன்."

ஷர்மி, இது லேமினேட் பண்ணுகிற அளவில் அடங்காது. இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். வில்லாபுரத்தில் எங்கள் வீடு. அப்பா கொத்தனார், அம்மா அவருடனேயே சித்தாள் வேலைக்குப் போனவர். நான் விலங்கியலில் பட்டம் வாங்கியபோது அப்பா அதைச் சட்டம் போட்டு டி.வி.க்கு மேலே மாட்டினார். ஆணி அடிப்பதற்கு ரசமட்டம் வைத்துப் பார்த்தார். இன்று வரை அந்தச் சட்டம் ஒரு நூல்கூடச் சாயவில்லை.

அந்தப் பட்டத்தோடு நான் கோரிப்பாளையத்தில் காதர் பாய் கடையில் சேர்ந்தேன். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்களுக்கான கடை. "மீன் கடையில வேலை" என்று தெருவில் செய்தி பரவியதும், "வேணி, அயிரை வந்தா எனக்குக் கால் கிலோ எடுத்து வையி" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா பாத்திரத்தோடு வந்துவிட்டார். என் அம்மாவுக்கு வந்த கோபம்! "என் மக மீனு வளக்குறவ. வறுக்குறவ இல்ல" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அந்தத் தெருவில் அயிரையை ஒரு மீனாகவே மதிக்காமல் பேசிய ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும்.

காதர் பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அத்தர் பிரியர். அவர் தெருமுனையில் வரும்போதே கடைக்குள் இருக்கும் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் கடலோரத்திலிருந்து பஸ்ஸில் மீன் பெட்டி வந்து இறங்குகிற நாளில் அவர் மேல் ஒரு வாசனையும் இருக்காது. சோப்புக்கூடப் போடாமல் முழங்கை வரை வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அத்தர் பூசிப் போனால், அந்த எண்ணெய் மீனுக்கு ஆகாதென்று, திரும்பி வந்து எந்தத் தொட்டியிலும் கை வைக்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று எங்களை ஏவுவார்.

பெட்டி வந்ததும் முதல் வேலை கடை விளக்குகளை அணைப்பது. இருட்டுப் பெட்டிக்குள் இத்தனை நேரம் கிடந்த மீன், திடீர் வெளிச்சத்தில் மிரண்டுவிடும். தெர்மோகோல் மூடியைப் பாய் மட்டும்தான் திறப்பார். பைகளைப் பிரிக்காமல் தொட்டியில் மிதக்க விடுவார். சூடு சமமான பிறகு, பைத் தண்ணீரோடு மீனை வாளியில் விட்டு, மெல்லிய காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் இறக்குவார். முடிச்சை இறுக்கினால் சொட்டு குறையும், தளர்த்தினால் கூடும். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்க மாட்டார். ஷட்டருக்கு வெளியே யாராவது நின்று, "என்ன பாய், புதுச் சரக்கு வந்துருச்சா? உள்ள வரலாமா?" என்று கேட்டால், "இப்பத்தான் வெளியூர்ல இருந்து வந்து இறங்கியிருக்காங்க மாப்ள. மூஞ்சி கழுவட்டும், அப்புறமாப் பொண்ணு பாக்க வாங்க" என்பார். கடைசியில் மீனை மட்டும் கிண்ணத்தில் ஏந்தித் தொட்டியில் விடுவார். வந்த தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட எங்கள் தொட்டிக்குள் போகக் கூடாது.

கடையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதபோது, புதுமனை புகுவிழாவுக்குப் பரிசாகக் கோமாளி மீன் ஜோடி வாங்க ஒருவர் வந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டைகள் போட்ட மீன். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பது இதைத்தான். பாய் வழக்கம் போலப் பெரிதைக் காட்டி, "இது மாப்ள. இந்தச் சிறுசு பொண்ணு" என்றார். மதுரையில் இந்தத் தொழிலில் அப்போது எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நான் சும்மா இருக்கவில்லை.

"இல்ல சார். பெருசுதான் பொண்ணு."

வந்தவர் பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். "புதுசா வந்த பொண்ணு. படிச்ச பொண்ணு" என்று மட்டும் சொன்னார். அது எனக்குச் சாதகமா பாதகமா என்று புரியவில்லை.

"என்னம்மா நீ, பொண்ணு மாப்பிள்ளைய விட உசரமா இருந்தா எங்க பக்கம் ஜாதகமே எடுக்க மாட்டாகளே" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவர் மீனை வாங்கிக்கொண்டு போனார். அன்று முழுவதும் பாய் என்னிடம் பேசவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, மீன் தொட்டியைப் பார்த்தபடியே, "நேத்து என்னமோ சொன்னியே. மறுபடி சொல்லு" என்றார்.

சொன்னேன். "குட்டியா இருக்கையில அது ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல பாய். ஒரு கூட்டத்துல எது பெருசா, அதிகாரமா வளருதோ அது பொண்ணாகும். அதுக்கு அடுத்தது ஆணாகும். மத்ததெல்லாம் வளர்ச்சிய நிப்பாட்டி வச்சுக்கிட்டுக் காத்திருக்கும். பொண்ணு செத்துட்டா, ஆணா இருந்தது பொண்ணா மாறிரும். காத்திருந்த குட்டியில பெருசு ஆணாகும். ஒரு தடவ பொண்ணா மாறினா மாறினதுதான், திரும்பாது."

பாய் தொட்டியிலிருந்து என் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தன வருசமா நான் மாப்ளன்னு சொல்லிக் குடுத்ததெல்லாம்?"

"பொண்ணு பாய்."

டீ சட்டையில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். "யா அல்லா! இந்த ஊர்ல எத்தன வீட்டுல மாப்ள முட்ட போட்டுக்கிட்டு இருக்கோ!"

அதற்குப் பிறகு யார் ஜோடி கேட்டு வந்தாலும், "வேணி, இங்க வா. வந்து சொல்லு" என்று கூப்பிடுவார். நான் சொல்லும்போது அவரும் பக்கத்தில் நின்று, முதல் தடவை கேட்பவர் மாதிரி தலையாட்டிக் கேட்பார். எங்கள் வீட்டுச் சுவரில் சட்டத்துக்குள் இருந்த பட்டம், கோரிப்பாளையத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தது அன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு கடையிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முயன்றோம். அந்த வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் தோல்விதான். கோமாளி மீன் முட்டை வைக்க ஒரு திடமான பரப்பு வேண்டும். அப்பாவிடம் உள்ளங்கை அகலத்துக்கு டைல்ஸ் வெட்டித் தரச் சொன்னேன். கொண்டு வந்து கொடுத்தவர், நான் வழுவழுப்பான முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, சொரசொரப்பான முதுகை வெளியே காட்டி வைப்பதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஏத்தா, திருப்பி வையி. இப்படி ஒட்டுனா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாய்ங்க."

"மீனுக்கு இந்தப் பக்கம்தான்ப்பா பிடிக்கும். முட்ட வழுக்காம ஒட்டும்."

"அதுவும் வீடு கட்டத் தெரிஞ்சதுதான் போல" என்றார். போகும்போது கடையை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "எம்புட்டுக் கண்ணாடி!" என்று மட்டும் சொன்னார்.

முட்டைகள் வந்தன. வைத்த அன்று ஆரஞ்சு நிறம்; நாள் போகப் போகப் பழுப்பு; பொரிக்கப் போகும் சமயத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள் மினுங்கும். விளக்கணைத்து இருட்டான பிறகுதான் வெளியே வரும். வந்தவை மறுநாளே தண்ணீரில் கரைந்ததுபோலக் காணாமல் போகும். கண்ணுக்கே தெரியாத சிற்றுயிர்களைத்தான் அவை தின்னும். அவற்றை வளர்க்கப் பச்சைத் தண்ணீர் வேண்டும். மொட்டை மாடியில் பாட்டில் பாட்டிலாகப் பாசித் தண்ணீர் வைத்துப் பழகினோம். ஒரு நாள், கொசுப்புழு அளவு இருந்தவற்றில் ஒன்றின் தலையில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது; இனிப் பிழைத்துக்கொள்ளும் என்று அர்த்தம். பாய் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். அன்று கடையில் இருந்த எல்லோருக்கும் பருத்திப்பால்.

இனி கோச்சடை டீச்சர் வீடு.

அந்தோணி சார் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லூர்து டீச்சர் வேறொரு பள்ளியில் ஆசிரியை. நான் சேர்வதற்கு முன்பே சார் எங்கள் கடையில் ஒரு ஜோடி வாங்கியிருந்தார். பாய் பெரிதைக் காட்டி மாப்ள என்று சொல்லிக் கொடுத்ததால், அந்த வீட்டில் பெரியதன் பெயரே மாப்ள. சாரும் ஊரையே மாப்ள என்று கூப்பிடும் மனிதர். பாய், ஆட்டோக்காரர், தபால்காரர் எல்லோரும் அவருக்கு மாப்ளதான்.

அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. சில வாரங்கள் கழித்து ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. அந்தச் சொல் 'மாப்ள'. தண்ணீர் வேண்டும் என்றாலும் மாப்ள, முதுகு வலித்தாலும் மாப்ள. "இத்தன வருசம் குடும்பம் நடத்துன என்னையவே மாப்ளங்கிறாரும்மா. எங்கப்பாகூட இவர அப்படிக் கூப்புட்டதில்ல" என்று டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் பட்டாணியை விரலால் எடுக்கச் சொன்னபோது சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மீன் தீனியை வலது கையால் கிள்ளி எடுப்பார். பாதி மடியில் கொட்டும், மீதி தொட்டியில் விழும். அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றது மீனுக்குத் தீனி போட்டுத்தான்.

ஒரு கோடையில் நாள் முழுக்க மின்சாரம் இல்லை. இன்வர்ட்டரும் கைவிட்டது. தண்ணீர் சூடேறி, மாப்ள செத்துப் போனது. சிறியது மட்டும் பிழைத்தது. அன்றிலிருந்து சார் தொட்டிப் பக்கம் திரும்புவதில்லை. வலது கையை மடியில் போட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதங்கள் பொறுத்துப் பார்த்த டீச்சர், வெளியூர் போயிருந்தபோது அங்கே ஒரு கடையில், "பெருசா ஒரு ஆம்பள மீனு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து தொட்டியில் விட்டார். மறுநாள் கடைக்கு போன் வந்தது.

"வேணி, புதுசு பழச அடிக்குதும்மா. வாலு கிழிஞ்சு தொங்குது. சீக்கிரம் வாம்மா."

"இந்தா வாரேன் டீச்சர்."

நான் போனபோது சிறியது தொட்டியின் மேல் மூலையில், பம்ப் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. வால் நுனி நாராகியிருந்தது. புதியது கீழே நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் வலையைப் போட்டுப் புதியதை எடுத்து வாளியில் விட்டேன்.

"அது ஆம்பளதானம்மா? கடைக்காரரு சொன்னாரே."

"அதுவும் பொண்ணு டீச்சர். உங்க வீட்டுல செத்துப்போனதும் பொண்ணுதான்."

"மாப்ளயா? மாப்ள பொண்ணா?"

"ஆமா டீச்சர். இந்தச் சிறுசுதான் ஆணா இருந்துச்சு. இப்பத் தனியா இருந்து இருந்து, இது பொண்ணா மாறிக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல இன்னொரு பெரிய பொண்ண உள்ள விட்டுட்டீங்க. ரெண்டுல ஒன்னு சாகுற வரைக்கும் விடாதுக."

டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரை விட சார் முகம்தான் கண்ணில் பட்டது. அது அவருடைய மீன். அவரை விட்டுவிட்டு அவருடைய மீனைப் பற்றி நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பாயிடம் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து அவரிடமும் சொன்னேன். பெரியது பெண் என்று. சிறியது இனிமேல் பெரியதாக வளர்ந்து பெண்ணாகும் என்று. ஒரு சின்னக் குட்டி கொண்டுவந்து விட்டால், அது ஆணாகி முட்டையைக் காவல் காக்கும் என்று. அவர் சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினார். "மாப்ள" என்றார்.

அடுப்படியில் காபி போடும்போது டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எல்லாத்துக்கும் தலைய ஆட்டுவாரும்மா. சாப்பிட்டீங்களான்னாலும் ஆட்டுவாரு, சாப்பிடலையான்னாலும் ஆட்டுவாரு. ஒரு நாளு கோவத்துல, 'நான் செத்துப் போயிட்டேனா'ன்னு கேட்டேன். அதுக்கும் ஆட்டுனாரு." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சொந்தக்காரங்க அவரு முன்னாடியே, பாவம் ஒன்னும் புரியாதுன்னு பேசுறாங்க. எனக்கு அவரு பேச வேணாம் வேணி. நான் பேசுறது அவருக்குப் போய்ச் சேருதா இல்லையான்னு மட்டும் தெரியணும். தெரியாமத்தான் நானும் பேச்சக் குறைச்சுட்டேன். சுவத்துக்கிட்ட எம்புட்டுத்தான் பேசுறது?"

காபியைக் குடித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கடையில் பாய் எல்லாவற்றையும் கேட்டார். எங்களிடம் வாங்காத அந்தப் பெரிய மீனுக்குத் தனித் தொட்டி ஒதுக்கினார். நாங்கள் வளர்த்த குஞ்சுகளில் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுக்கச் சொன்னார். "நானும் வாரேன்" என்று சட்டையை மாற்றினார். அன்று வெள்ளிக்கிழமை, ஆனால் அவர் மேல் அத்தர் வாசனை இல்லை.

"மாப்ள, எப்படி இருக்கீங்க?" என்றார் சாரிடம்.

"மாப்ள."

"நல்லா இருக்கீங்கள்ல?"

"மாப்ள."

"தப்பு என்னுதுதான் மாப்ள. நான் உங்களுக்குப் பொண்ணக் குடுத்துட்டு மாப்ளன்னு சொல்லிட்டேன். கல்யாணத் தரகரா இருந்தா உதைச்சிருப்பாங்க."

சார் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கையால்தான்.

குட்டியை நேராக விடவில்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துத் தொட்டியில் மிதக்க விட்டோம். ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது. வால் ஆறும் வரை அப்படியே. பிறகு டப்பாவைச் சாய்த்தேன். இப்போது பெரியதாகிவிட்ட பழைய சிறியது பாய்ந்து வந்தது. குட்டி ஓடவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, உடம்பை வெடவெடவென்று சிலிர்த்துக் காட்டியது. நீதான் பெரியவள் என்று ஒப்புக்கொள்வதற்கு அந்த மீனிடம் இருக்கும் ஒரே பாஷை அதுதான். பெரியது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது.

குட்டியின் வாய்க்குள் பழைய தீனி உருண்டை போகாது. நசுக்கித்தான் போட வேண்டும். நான் டீச்சரிடம் சொல்லாமல், ஒரு உருண்டையைச் சாருடைய வலது உள்ளங்கையில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அன்று அது அப்படியே கீழே உருண்டது. அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறை திரும்பிப் பார்த்தபோது அவர் விரல்களில் பொடி ஒட்டியிருந்தது.

"டீச்சர், பாத்தீங்களா?"

"பாத்தேன். கை ஞாபகம்மா அது. தலைக்குள்ள என்னன்னு யாரு கண்டா?"

அப்பா வெட்டித் தந்த டைல்ஸ் ஒன்றை முதுகுப் பக்கம் வெளியே தெரிய அந்தத் தொட்டியில் சாய்த்து வைத்தேன். மாதங்கள் போயின. பெரியது உண்மையாகவே பெரிதானது. ஒரு நாள் இரண்டும் சேர்ந்து வாயால் அந்த டைல்ஸைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்வதைப் பார்த்தேன். பெரியதன் வயிறு உருண்டிருந்தது. அடியில் முட்டை வைக்கிற சின்ன வெள்ளைக் குழல் எட்டிப் பார்த்தது. நேரம் வந்துவிட்டது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் முட்டைகள் இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. அவற்றையே அவை தின்றுவிட்டன. டீச்சர் போனில் அழுதார். பாய் என்னிடமிருந்து போனை வாங்கி, "டீச்சர், புது மாப்ளைக்கு வீட்டு வேலை உடனே வந்துருமா? பழகட்டும் விடுங்க" என்றார். அழுதவர் சிரித்துவிட்டார்.

அடுத்த முறை டீச்சரின் குரலே வேறாக இருந்தது. "வேணி, நாலு நாளா அப்படியே இருக்கும்மா. சிறுசு நகர மாட்டேங்குது. எப்ப வார?"

போனேன். டைல்ஸின் முதுகில் முட்டைகள் அடர்த்தியாக ஒட்டியிருந்தன. ஆரஞ்சு நிறம் மங்கிப் பழுப்பு ஏற ஆரம்பித்திருந்தது. குட்டியாக வந்த சிறியது பக்கத் துடுப்புகளால் இடைவிடாமல் விசிறிக்கொண்டிருந்தது. நடுவில் வெளுத்துப்போன முட்டை ஒன்றை வாயால் பொறுக்கி எடுத்தது. பெரியது சற்றுத் தள்ளி வீட்டுக்காரி மாதிரி உலாவிக்கொண்டிருந்தது. சார் நாற்காலி தொட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. யார் திருப்பியது என்று நான் கேட்கவில்லை.

டீச்சர் அவர் பக்கத்தில் குனிந்து நின்றார். வகுப்பில் கேட்கும் குரலில் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். பதில் வரும் என்று எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

"ஏங்க, இங்க பாருங்க. இந்தப் பெருசு இருக்குல்ல. இதான மாப்ள?"

சார் தலையாட்டப் போகிறார் என்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. ஆனால் டீச்சரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பினேன். சாரின் தலை இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது. மெதுவாக, மறுபடியும் ஒரு முறை. இல்லை என்று.

டீச்சரின் கை காற்றில் அப்படியே நின்றது.

சார் வலது கையை மடியிலிருந்து தூக்கினார். அது பாதி வழியில் நடுங்கியது. நான் பிடிக்கப் போனேன். டீச்சர் கண்ணாலேயே என்னைத் தடுத்தார். விரல் கண்ணாடியில் போய் முட்டியது. டைல்ஸுக்கு நேராக, விசிறிக்கொண்டிருந்த சிறியதற்கு நேராக.

"மாப்ள" என்றார்.

டீச்சர் குனிந்து அந்த விரல் நுனியைப் பார்த்தார். பிறகுதான் கேட்டார். "அப்ப... அந்தப் பெருசு யாரு?"

சாரிடம் இருந்த ஒரே சொல் அதுதான், அதையும் சொல்லிவிட்டார். வாயைத் திறந்தார், மூடினார். தொட்டியைப் பார்த்தார். பிறகு அந்த வலது கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, டீச்சரைச் சுட்டிக் காட்டினார்.

டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தலைப்புக்குள்ளிருந்து, "பாத்தியா வேணி, நான் குண்டுன்னு சொல்றாரு" என்று வந்தது.

அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. தண்ணீரின் உப்பைப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே வாசலுக்கு வந்தேன். செருப்பு மாட்டும்போது உள்ளே டீச்சர் பேச ஆரம்பித்திருந்தார். கேஸ் சிலிண்டர் தீர்ந்தது, மாடியில் ஒழுகியது, தம்பி மகள் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், யார் சரியாக மரியாதை செய்யவில்லை என்று, விட்டுப்போன அத்தனையையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே, சரியான இடத்தில், "மாப்ள" என்று கேட்டது.